விலையில்லாக் கருவிகளும் கிராமப் பள்ளியும்

(பாஞ்சாலங்குறிச்சியில் ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும், பெற்றோரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீரத்தால் பெயர் பெற்ற இவ்வூரில் கூடியிருக்கும் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் குழந்தைகளின் வகுப்பறையைப் பற்றியது. இணையத்தின் வழியே விலையின்றிக் கிடைக்கும் பாடங்களையும் கருவிகளையும் நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் எவ்வாறு பயனுறச் செய்வது என்பதே அப்பொருள். இது ஆசிரியர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பள்ளிக்கூடம் ஊருக்குச் சொந்தம். அங்கு நடப்பதும் நடவாததும் ஊரின் பொறுப்பு.

நாம் சொல்ல விரும்புவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். விலையில்லாதது என்பது வேறு. செலவில்லாதது என்பது வேறு. இணையத்தில் கிடைக்கும் பாடத்திற்கு நாம் விலை கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால் அது நம் குழந்தையின் அறிவில் சென்று சேர வேண்டுமானால், மின்சாரம் வேண்டும், பழுதில்லாத கருவி வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக ஆசிரியரின் உழைப்பு வேண்டும். இச்செலவை ஏற்க ஓர் ஊர் முன்வராவிட்டால், எத்தனை கோடிப் பாடங்கள் இணையத்தில் குவிந்து கிடந்தாலும் அவை அவ்வூருக்கு இல்லாதவையே.

மதிய உணவு காட்டிய வழி

இவ்வுண்மை நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டில் பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நமக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப் பெற்றது. குழந்தைக்கு அந்த உணவு இலவசம். ஆனால் அதன் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க, மறு பங்கை ஊரார் ஏற்றனர். தானியமும் காய்கறியும் விறகும் கொடுத்தவர் உண்டு. சமைத்துப் பரிமாற முன்வந்தவர் உண்டு. 1958ஆம் ஆண்டு முதல் மாநிலமெங்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பள்ளிக்கு எது குறைவென்று ஊரார் தாமே கணக்கெடுத்து, பலகையும் நாற்காலியும் கட்டடமும் தம் கையாலேயே அளித்தனர்.

அன்று பசித்த வயிற்றுக்கு ஊர் செய்ததை, இன்று கற்கும் மனத்துக்குச் செய்ய வேண்டும். அன்று தேவைப்பட்டது விறகு. இன்று தேவைப்படுவது மின்சாரமும் இணைப்பும். அவ்வளவே வேறுபாடு.

நம் கைக்கு எட்டியுள்ள செல்வம்

இன்று விலையின்றிக் கிடைப்பவை யாவை என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறோம். மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் திக்‌ஷா என்னும் இணையத் தளத்தைத் தொடங்கிற்று. அதன் துணைகொண்டு, 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த நம் மாநிலப் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. அக்கட்டத்தின் மேல் கைபேசியைக் காட்டினால், அப்பாடத்திற்குரிய படக்காட்சி திறக்கும். 2019ஆம் ஆண்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப் பெற்றது. 2023ஆம் ஆண்டில் மணற்கேணி என்னும் செயலியை நம் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்டது. தோண்டத் தோண்ட ஊறும் நீரைக் கல்விக்கு உவமையாக்கிய குறளிலிருந்து பிறந்த பெயர் அது.

நூல்களும் அவ்வாறே. பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண அரசு பெற்றது; பின்னர் அவை மக்களின் பொதுச் சொத்தாயின. நம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனார் உள்ளிட்ட பலருடைய நூல்களும் பிற்காலத்தில் நாட்டுடைமையாக்கப் பெற்றன. இவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், விக்கிமூலத்திலும் எவரும் படிக்கலாம். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து உலகிற்கு அளித்துள்ளனர். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஊதியம் பெறாதவர்களின் உழைப்பால் வளர்ந்ததே. ஆகவே நமக்கு விலையில்லாமல் வரும் ஒவ்வொன்றிற்கும் எவரோ ஒருவர் பொருளாலோ உழைப்பாலோ முன்னரே விலை கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொள்ளும் நமக்கு அந்த நன்றியுணர்வு வேண்டும்.

2020ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் கதவு மீண்டும் திறந்தது. ஏறத்தாழ 19 மாதங்கள். அக்காலத்தில் பாடங்கள் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் விலையின்றியே வந்தன. பயன் அடைந்தவர் யார்? வீட்டில் தனிக் கைபேசி இருந்த குழந்தை அடைந்தது. ஒரே ஒரு கைபேசி இருந்த வீட்டில், அது விடியற்காலையில் உப்பளத்திற்குப் புறப்படும் தந்தையின் சட்டைப் பையில் சென்றது. அண்ணனும் தங்கையும் உள்ள வீட்டில் மாலையில் அது முதலில் யார் கைக்குச் சென்றது என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த இழப்பை ஈடுசெய்ய 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப் பெற்றது. அதன் தன்னார்வலர்கள் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளை நேரில் அமர்த்திக் கற்பித்தனர். பாடத்தைக் குழந்தையிடம் கொண்டு சேர்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும் என்பதையே அத்திட்டம் மெய்ப்பித்தது. 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் தொழில்நுட்பம் கற்றலுக்குத் துணையாக வேண்டுமேயன்றி ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்றே வற்புறுத்துகிறது. எனவே இக்கருவிகளை வீட்டுக்கு வீடு தனித்தனியே விட்டுவிடாமல், பள்ளியில் பொதுவாக வைத்துப் பயன்படுத்துவதே நீதி. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே திரையில் ஒரே பாடம் தெரியும் இடம் பள்ளி ஒன்றுதான்.

வகுப்பறையில் பயன்படுத்தும் முறை

இனி, ஆசிரியப் பெருமக்களுக்குச் சில சொற்கள். கரும்பலகையால் ஆகும் செயலுக்குக் கணினி வேண்டுவதில்லை. கரும்பலகையால் காட்ட இயலாத ஒன்றைக் காட்டவே இக்கருவிகள் பயன்பட வேண்டும். மூன்று எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறோம்.

முதலாவது, அறிவியல். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் கார்ல் வைமன் 2002ஆம் ஆண்டில் ஃபெட் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். மின்சுற்று, பின்னம், கரைசல் முதலான பொருள்கள் பற்றிய செயல்விளக்கங்கள் அதில் உள்ளன. அவற்றுள் சில தமிழிலும் கிடைக்கின்றன. மாணவர் தம் கையால் நகர்த்தி, என்ன நேர்கிறது என்று பார்க்கலாம். கரைசலின் செறிவு பற்றிய விளக்கத்தில், நீர் ஆவியாக ஆவியாகக் கரைசல் அடர்ந்து, ஓர் எல்லையைக் கடந்ததும் கரைபொருள் அடியில் படிவதைத் திரையிலே காணலாம். இது தூத்துக்குடி உப்பளத்தில் நாள்தோறும் நடப்பதன்றோ! பாத்தியில் நீரின் டிகிரி 25ஐ நெருங்கும்போது உப்பு விளையத் தொடங்கும் என்பதை உப்பளத் தொழிலாளர் நன்கறிவர். திரையில் கண்டதை அத்துடன் நிறுத்தாமல், ஒரு தட்டில் உப்புநீர் ஊற்றி வெயிலில் வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். உப்பளத்தில் வேலை செய்யும் தாயோ தந்தையோ ஒருவரை வகுப்பிற்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள். தன் தந்தையின் தொழிலில் ஓர் அறிவியல் இருக்கிறது என்று அறியும் குழந்தை தலைநிமிர்ந்து நிற்கும்.

இரண்டாவது, வரலாறு. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை இவ்வூர்க் குழந்தைகள் அனைவரும் அறிவர். 1801ஆம் ஆண்டில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டதையும் அறிவர். அப்போரில் கும்பினிப் படையின் பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி தம் நினைவுகளை எழுதி 1830ஆம் ஆண்டில் லண்டனில் வெளியிட்டார். ஊமைத்துரையின் ஆற்றலையும், மக்கள் அவர்மீது வைத்திருந்த பற்றையும் பகைவராகிய அவரே வியந்து எழுதியிருக்கிறார். கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்விரு நூல்களையும் காண வேண்டுமானால் முற்காலத்தில் பெருநகர நூலகங்களைத் தேடிச் செல்ல வேண்டும். இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் அவை விலையின்றிக் கிடைக்கின்றன. ஆசிரியர் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டித் தமிழில் விளக்கலாம். அதன்பின், ஊரில் வழங்கும் கதைப்பாடல் என்ன சொல்கிறது, பாடநூல் என்ன சொல்கிறது, பகைவர் என்ன சொல்கிறார் என்று மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, ஏன் என்று கேட்கப் பழகட்டும். வரலாற்றை நெட்டுருப் போடுவதற்கும் கற்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

மூன்றாவது, நில இயல். நம் இஸ்ரோ நிறுவனம் 2009ஆம் ஆண்டில் புவன் என்னும் நிலப்படத் தளத்தை அமைத்தது. வானிலிருந்து எடுத்த படங்களில் நம் கரிசல் காடுகளையும் கண்மாய்களையும் குழந்தைகள் அடையாளம் காணலாம். பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலை விட்டு விலகி உள்நாட்டு ஊராக நிற்பதையும், தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கரையைத் தள்ளிவைத்ததையும், ஒரு படம் நூறு வரிகளைவிடத் தெளிவாகக் காட்டும். 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது நிலப்படத்தில், பார்ப்பதோடு நில்லாமல் நாமே ஊரின் விவரங்களைச் சேர்க்கவும் செய்யலாம். ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் தெருவையும் கிணற்றையும் ஊருணியையும் நேரில் சென்று பார்த்துக் குறித்து வரட்டும். சரிபார்த்தபின் ஆசிரியர் அதனைப் பதிவு செய்யட்டும். 1801ஆம் ஆண்டில் இவ்வூர்க் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று அதே ஊரின் ஒவ்வொரு தெருவையும் உலக நிலப்படத்தில் எழுதும் வாய்ப்பு இவ்வூர்ப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கைகள்

பயனைச் சொல்லும்போது இடர்களையும் சொல்வது நம் கடமை.

ஒன்று, இணைப்பை நம்பி வகுப்பைத் தொடங்கலாகாது. பாடத்தின் நடுவே இணைப்பு அறுந்தால் நாற்பது குழந்தைகளின் கவனமும் அறுந்துவிடும். தேவையான படக்காட்சியையும் செயல்விளக்கத்தையும் முன்னதாகவே இறக்கிக் கணினியில் சேமித்து வைக்க வேண்டும். ஃபெட் விளக்கங்களை அவ்வாறு சேமிக்கலாம். கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் உதவியால் விக்கிப்பீடியாவையே இணைப்பின்றிப் படிக்கலாம். விதையை முன்னரே சேர்த்து வைத்து மழைக்குக் காத்திருக்கும் மானாவாரி விவசாயிக்கு இந்த முறையை விளக்கிச் சொல்ல வேண்டுமா!

இரண்டு, இலவசம் என்று வரும் எல்லாவற்றையும் வாங்கிவிடலாகாது. சில நிறுவனங்கள் முதலில் இலவசமாகக் கொடுத்துப் பின்னர்க் கட்டணம் கேட்கின்றன. வேறு சில, குழந்தையின் பெயர், வயது, புகைப்படம் ஆகியவற்றையே விலையாகப் பெறுகின்றன. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. பெயரும் கைபேசி எண்ணும் கேட்காத கருவியையே முதலில் தேர்ந்தெடுங்கள். எவரும் பயன்படுத்தவும் படியெடுக்கவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

மூன்று, இணையத்தில் உள்ளவை எல்லாம் உண்மையல்ல. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தவறான விடையையும் தயக்கமின்றிச் சொல்லக்கூடியவை. பாடநூலோடும் வேறொரு நூலோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் ஏற்கலாகாது என்ற பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுவது, பாடம் சொல்வதினும் பெரிய பணி.

ஊர் செய்ய வேண்டுவது

அண்டை மாநிலமாகிய கேரளம் 2001ஆம் ஆண்டில் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கிற்று. நாளடைவில் அங்குள்ள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. கருவியோடு ஆசிரியர் பயிற்சிக்கும் அங்கு முதன்மை தரப்பட்டது. 2018ஆம் ஆண்டு முதல் மாணவர் மன்றங்களும் அமைக்கப் பெற்று, பள்ளிக் கணினிகளைப் பேணும் பொறுப்பில் மாணவரும் பங்கு பெறுகின்றனர். மென்பொருளுக்கு விலை கொடாமல் மிச்சமாகும் பணத்தைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் செலவிடலாம் என்பது நாம் அங்கிருந்து கற்கத்தக்க பாடம்.

நம் மாநிலத்திலும் அடிப்படை இல்லாமல் இல்லை. 2011ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் மேனிலை மாணவர்க்கு மடிக்கணினி வழங்கப்பட்டது. அவற்றுள் பல இன்று வீடுகளில் பரண்மேல் உறங்குகின்றன. பழைய கணினியிலும் இயங்கக்கூடிய இலகுவான கட்டற்ற இயங்குதளங்கள் உண்டு. படித்து வேலைக்குச் சென்றுவிட்ட இளைஞர்கள் அவற்றைப் பள்ளிக்கு அளிக்கலாமே! 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றை மாலை வேளைகளில் திறந்து வைத்து, ஒரு கணினியும் ஒரு பொறுப்பாளரும் அங்கே இருந்தால், வீட்டில் கைபேசி கிட்டாத பெண் குழந்தை நம் கண்பார்வையிலேயே பாதுகாப்பாகப் படிக்கும்.

கிராம சபைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீரும் தெருவிளக்கும் அங்கே பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவையே. அவற்றோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பள்ளியின் மின்சாரம் தடையின்றி வருகிறதா? பழுதான கருவி எத்தனை நாளாகக் கிடக்கிறது? அதனைப் பார்க்க ஊரில் பொறுப்பானவர் யார்? இம்மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். கட்டடம், மின் இணைப்பு, பராமரிப்பு ஆகியவற்றில் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் செய்ய வேண்டுவதை நீங்கள் கேட்டுப் பெறலாம். கேட்பது உங்கள் உரிமை, செய்வது நம் கடமை. ஆனால் பூட்டிய அறைக்குள் உறையிட்டு வைத்த கணினியை வெளியே எடுத்து வைக்கும் கையை அரசாணை தர இயலாது. பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தால் பூட்டி வைக்கப்படும் கருவி, பயன்பட்டுப் பழுதாகும் கருவியைவிடப் பெரிய நட்டம்.

ஆசிரியர்களின் சுமையையும் நாம் அறியாமல் இல்லை. பதிவேடுகளும் செயலிகளில் ஏற்ற வேண்டிய விவரங்களும் அவர்களுடைய நேரத்தைப் பெரிதும் கொள்ளுகின்றன. ஆகையால் வாரத்திற்கு ஒரு பாடம் என்று தொடங்கினால் போதும். ஒருவர் தயாரித்த பாடத்தை ஒன்றியத்திலுள்ள மற்றப் பள்ளிகளும் பகிர்ந்துகொண்டால், பத்து ஆசிரியர் பத்து வாரம் உழைத்ததில் நூறு பாடங்கள் சேரும். வட்டார வள மையக் கூட்டங்களில் இதனைச் செய்யலாம்.

பெரியோர்களே, இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் அறிவில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். பெருநகரப் பள்ளியில் படிக்கும் குழந்தை காணும் அதே நூலும், அதே நிலப்படமும், அதே செயல்விளக்கமும் இன்று விலையின்றி இங்கும் வந்து நிற்கின்றன. இடையில் உள்ளது ஒரு மின்கம்பியும், ஒரு திறவுகோலும், நம் அனைவரின் அக்கறையும்தான். அடுத்த கிராம சபைக்கு முன்பாக ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவும் தன் பள்ளியில் உள்ள கருவிகளைக் கணக்கெடுத்து, இயங்குபவை எவை, இயங்காதவை எவை என்று ஒரு தாளில் எழுதி ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். நம் பணி அத்தாளிலிருந்து தொடங்கட்டும்.